லிஸ்பனில் கூப்பிடு தூரம்

புடவையை நாலாக மடித்து, நாற்காலி முதுகில் போட்டு, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, "அப்பாடா, நனையறதுக்குள்ள எடுத்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் மங்கைக்குச் சுரீரென்றது. எடுத்திருக்கக் கூடாது. அது காயப்போட்ட புடவையே இல்லை. நேற்றே காய்ந்து பெட்டிக்குள் போய்விட்ட அரக்குப் புடவை. அதை மறுபடி வெளியே எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடச் சொன்னவர் அவர்தான். "இந்தத் தெருவுல எல்லா வீடும் ஒரே அச்சா இருக்கு மங்கை. அதே பச்சைக் கதவு, அதே பூப்போட்ட ஓடு பதிச்ச சுவரு. நீ புடவையத் தொங்கவிட்டு வை. எந்தச் சந்துல இருந்து நிமிந்து பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுத்தான் பாலும் தயிரும் வாங்கக் கிளம்பினார். பெரிய விவரம்தான். மூலைக்கல்லில் சிவப்புத் துணி கட்டி, சங்கிலி பிடித்து, பாபநாசம் தாலுகாவில் பாதி நஞ்சையை அளந்த சர்வேயர் அல்லவா, லிஸ்பனையும் அப்படியே அளந்துவிடலாம் என்ற நினைப்பு. அவளும் சொன்னபடி தொங்கவிட்டாள். நாலு தூறல் விழுந்தது. அவ்வளவுதான், கை அதுபாட்டுக்குப் போய் எடுத்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தால்கூட, தூறல் சத்தம் கேட்டால் எச்சில் கையோடு கொடித்துணியைப் பார்த்து ஓடுகிற பிறவி. விமானம் ஏறி வந்துவிட்டால் மட்டும் அந்தக் கைக்குப் புத்தி வந்துவிடுமா?

பதறிப்போய் மறுபடி கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். அதற்குள் தூறல் மழையாகிவிட்டது. புடவை நனைந்து, காற்றில் முறுக்கிக்கொண்டு, கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டது. நாலாவது மாடி. கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அது புடவையா தாம்புக்கயிறா என்று எப்படித் தெரியும்? எதிர்வீட்டுக்காரிகள் தங்கள் துணிமேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இப்போது தெரு முழுக்க எல்லா ஜன்னலும் மொட்டை ஜன்னல். போன் போடலாம் என்று போட்டாள். அடுக்களை மேடையில், ரொட்டி வாட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்த அவர் போன் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று அடித்தது. இறங்கிப் போய்த் தேடலாம் என்றால் சாவி அவர் கையில். கதவோ சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற ரகம். வெளியே காலை வைத்தால் அவளும் நடுத்தெரு, அவரும் நடுத்தெரு. பிராங்க்பர்ட்டில் இருக்கிற மகள் இன்பாவுக்குச் சொல்லலாம். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் தனியாப் போயிட்டு வாங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க" என்று கண்ணடித்து டிக்கெட் போட்டு, இந்த வீட்டையும் நெட்டில் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். இப்போது ஆபீஸில் இருப்பாள். பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது. பால் வாங்கப் போன மனிதர் வருவார். போனவர்கள் வராமலா இருப்பார்கள்? போனவர்கள் வராமல் இருந்திருக்கிறார்கள். மங்கை அந்த நினைப்பைத் தலையைச் சிலுப்பி உதறப் பார்த்தாள். ஈரப் புடவையை உதறுவது மாதிரி அது அவள்மேலேயே தெறித்தது.

ஜன்னலோரத்து மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நல்ல அகலம், நம் ஊர் மதில் மாதிரிக் கனமான பழைய சுவர். வீட்டுக்காரம்மா லூர்தஸ், நம்மூர் லூர்துமேரிதான், நேற்று சாவி கொடுக்க வந்தபோது ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அவள் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தாள். சாவியைத் தூக்கிக் காட்டி "சாவ்" என்றாள். ஜன்னலைத் திறந்து "ஜனேலா" என்றாள். மேசையைத் தட்டி "மேஸா". அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மங்கை, பாத்தியா, நம்ம வீட்டுச் சாமானெல்லாம் இவங்க கொடுத்துட்டுப் போன பேருதான்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அறை அறையாக ஓடி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தானும் பேர் சொல்லிப் பார்த்தார். லூர்தஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாவற்றுக்கும் பேர் இருந்தது. பிறகு லூர்தஸ் அவரைக் காட்டி, இவர் பேர் என்ன என்று மங்கையிடம் கேட்டாள். மங்கைக்கு வாயில் கொழுக்கட்டை. அவரே முந்திக்கொண்டு "நாயகம், தில்லைநாயகம்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு மங்கையை ஒரு பார்வை பார்த்தார். கோபமும் இல்லை, குறையும் இல்லை. கடைசிப் பஸ் போய்விட்டது தெரிந்தும் ஸ்டாண்டில் நிற்கிறவர் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

கல்யாணமாகி இந்த ஐப்பசி வரைக்கும் அவள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதுதான் விஷயம். காரித் துப்புகிற விஷயமில்லை, கோர்ட்டுக்குப் போகிற விஷயமில்லை, ஆனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது! சாப்பாடு தயார் என்றால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். வாசலில் ஆள் வந்திருந்தால் இருமுவாள். தூங்கிவிட்டார் என்றால் வளையலைக் குலுக்குவாள். அவரும் நல்ல மனுஷன், வளையல் சத்தத்துக்கு வருவார், இருமலுக்கும் வருவார். நேற்று சாயங்காலம் ஆற்றோரம் நடந்துவிட்டு வந்து, லூர்தஸ் வைத்துவிட்டுப் போன ரொட்டியில் ஊறுகாயைத் தடவித் தின்றுகொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்து கேட்டார். "மங்கை, என்னை எதாவது ஒண்ணு சொல்லிக் கூப்பிடேன். 'யோவ் கிழவா'ன்னாகூடப் போதும்." அவள் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளாக அவர் அவளிடம் கேட்ட ஒரே ஒரு பொருள். அதைக்கூடக் கொடுக்க மாட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்கிறவராக இருந்தால் இவளுக்கு இத்தனை வலி இல்லை.

கீழே எங்கோ டிராம் மணி அடித்தது. டிங் டிங் என்று இரண்டு. கும்பகோணத்தில் அவள் முன்பு குடியிருந்த தெருமுனையைத் தாண்டும்போது டவுன்பஸ் இரண்டு ஹாரன் அடிக்கும். பஸ் அடிக்காது, டிரைவர் அடிப்பார். ஊருக்குக் கேட்டால் அது யாரோ குறுக்கே வந்ததற்காக அடித்த ஹாரன். மங்கைக்கு மட்டும்தான் தெரியும், அது 'இன்னும் ரெண்டு நடைதான், தோசைக்கல்லைப் போடு' என்று அர்த்தம். அந்த டிரைவரின் பேரைச் சொல்ல அவளுக்குத்தான் தடை, கதை சொல்கிற நமக்கு என்ன, சாமிமலை. முதல் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் மாமியார் ஊருக்குப் போகப் பஸ் ஏறினால் கண்டக்டர் கேட்பான், எங்கேம்மா என்று. அந்த ஊருக்கும் அதே பேர்! புருஷன் பேரை வாயால் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். "கும்பகோணத்துக்குப் பக்கத்து மலைக்கு ஒண்ணு" என்பாள். "மலையே இல்லாத ஊருல எந்த மலைம்மா?" என்று கண்டக்டர் வேண்டுமென்றே இழுப்பான், பஸ் பூராவும் சிரிக்கும், டிரைவர் சீட்டில் இருக்கிறவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றுவார். அந்தக் கண்ணாடியில் தெரிந்த இரண்டு கண். ஒரு நல்லெண்ணெய் வாசனை, ஒரு டீசல் வாசனை. காக்கிச் சட்டைக் காலரை எத்தனை தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பு. இந்த ஊரில் மழை பெய்தால் கருவாடு சுட்ட வாசனையும் ஈரக் கல் வாசனையும்தான் வருகிறது, ஆனால் அவள் மூக்கு டீசலைத் தேடிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷம்! அந்த வருஷங்களில் அவரை அவள் கூப்பிட்டதெல்லாம் ஒரே சொல்தான். ஏங்க. அடுக்களையில் இருந்து ஏங்க, கிணற்றடியில் இருந்து ஏங்க, பிரசவ வார்டில் வலி தாங்காமல் கத்தினதும் அதே ஏங்கதான், அம்மா என்றுகூடக் கத்தவில்லை. எங்கே இருந்தாலும் ஒரு "ம்" வரும். கூரைமேல் இருந்து வரும், குளிக்கிற இடத்தில் இருந்து வரும், தூக்கத்தில் இருந்து வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை "ஏங்க, காபி ஆறுது" என்று கூப்பிட்டாள். ம் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பேப்பர் கையில் இருந்தது, தலை லேசாகச் சாய்ந்திருந்தது, மின்விசிறிக் காற்றில் பேப்பர் மட்டும் படபடத்தது. அந்தச் சொல் அன்றைக்குப் போனது. பதில் வராத சொல்லை அவள் எடுத்து யாருக்குக் கொடுப்பாள்? கொடுத்தாலும், அதைக் கேட்டுத் திரும்புகிற முகம் இவருடையதாக இருக்குமா, அவருடையதாக இருக்குமா? இவருடையதாக இருந்தால் போனவர் ஏமாந்துபோவார். அவருடையதாக இருந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அரைத்த மாவையே அரைக்கிறோம் என்று தோன்றி எழுந்தாள். அடுப்பை ஏற்றினாள், அணைத்தாள். பால் இல்லாமல் என்ன காபி. மழை விட்டமாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கல்லாகப் பதித்த தெரு, எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று இருந்தது. நேற்றே இரண்டு தடவை வழுக்கினார். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று சிரித்தார். விழுந்திருப்பாரோ? இடுப்பு எலும்பு என்றால் இந்த வயதில் எழுந்து நடமாட முடியுமா? எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பாஷை? யாராவது வந்து இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வாள்? ஆஸ்பத்திரி என்றதும் கல்யாணத்துக்கு முந்தின கண்ணாஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மங்கைக்கு வலது கண், அவருக்கு இடது கண், இரண்டு பேருக்கும் புரை எடுத்துக் கட்டுப் போட்டு பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நர்ஸ் கேட்டாள், "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா." செத்துப்போன மனுஷனுக்கு இனிமேல் ஆயுசு எங்கே குறையப் போகிறது? ஆனாலும் வாய் வரவில்லை. "கும்பகோணத்துக்குப் பக்கத்து மலை" என்றாள். நர்ஸ் விழித்தாள். பக்கத்தில் கட்டுக் கண்ணோடு இருந்தவர், திரும்பாமலேயே, "சாமிமலைன்னு எழுதிக்குங்க சிஸ்டர்" என்றார். அவள் புருஷன் பேரை அவளுக்காகச் சொல்லிக்கொடுத்த ஆள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து "தில்லைநாயகம்!" என்று கூப்பிட்டார்கள். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்து, அதையும் கேட்டுவிட்டு எழுந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "என் சம்சாரம் வசுந்தரா, காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவ. ஊரே சிரிக்கும், அவ பாட்டுக்குப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா. அவ போனப்புறம் எல்லாருக்கும் நான் சாரு, மாமா, அண்ணே. முழுப் பேரு சொல்லிக் கூப்பிடறது இந்த நர்ஸம்மா ஒருத்திதான்." அன்றைக்கு அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். 'பாவம்' என்று நினைத்தாள். கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருக்கும். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிவந்து, அவருக்கு வளையலைக் குலுக்கிக் காட்டுகிறாள். தூ.

அப்போதுதான் கண்ணில் பட்டார். கீழே, தெரு மூன்றாகப் பிரிகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். ஒரு கையில் காகிதப் பை, இன்னொரு கையில் சுருட்டிய குடை. தலை நனைந்து, இருக்கிற நாலு முடியும் நெற்றியில் ஒட்டியிருந்தது. முழுசாக இருக்கிறார், தன் காலில் நிற்கிறார். மங்கைக்கு அழுகை வந்தது. நிமிர்ந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். அரக்கு நிறத்தைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பார்வை அவள் ஜன்னலுக்கு வந்தது, முறுக்கிய கயிற்றைத் தாண்டியது, அடுத்த ஜன்னலுக்குப் போயிற்று. இருட்டு அறைக்குள் நிற்கிற அவளைத் தெரியவில்லை. மூன்றாவது சந்தைப் பார்த்தார். அது கீழே இறங்கி ஆற்றுப் பக்கம் போகிற சந்து, படிக்கட்டுக்கு மேல் படிக்கட்டு, ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கிற கோழிக்குடல் சந்துகள். அதில் இறங்கினால் சாயங்காலம்வரை சுற்ற வேண்டியதுதான். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். முதுகு தெரிந்தது. மங்கை இருமினாள். நாலாவது மாடியில் இருந்து இருமல்! வளையலைக் குலுக்கினாள். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, உனக்கு வேறு வழியே தெரியாதா என்று திட்டினாள். புடவையை உருவி ஆட்டினாள். முதுகுக்குக் கண் ஏது. அவர் முதல் படியில் காலை வைத்தார், கல் வழுக்குகிறதா என்று குடையால் தட்டிப் பார்த்தார், இரண்டாவது படி. ஏங்க. தொண்டைக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் திரும்புகிற ஆள் அவர் ஒருத்தர்தான், ஒரே கூப்பிடு, முடிந்தது வேலை. ஆனால் நாக்கில் பேப்பர் படபடத்தது. அது வேண்டாம். அது போனவரோடு இருக்கட்டும், அவருக்கென்றே இருந்த சொல், அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். அப்படியானால் இவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது உன்னிடம்? சீக்கிரம் சொல்லு, மூன்றாவது படி. அவள் இத்தனை வயதுவரை எந்த ஆம்பிளைக்கும் கொடுக்காதது ஒன்று இருந்தது. அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கும் கொடுக்காதது. ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னாள். ஒரு தடவைகூடச் சொல்லாமல் காப்பாற்றி வைத்தேனே, குறையாமலா இருந்தது?

ஜன்னல் மேடையில் முட்டியை ஊன்றி, தலையை வெளியே நீட்டி, "தில்லைநாயகம்!" என்று கத்தினாள். அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. மாடத்தில் இருந்த புறாக்கள் சடசடவென்று கிளம்பின. எதிர்வீட்டுக்காரி பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பேர் சுவருக்குச் சுவர் மோதிக் கீழே போயிற்று. வாய்க்குள் ஒன்றும் ஆகவில்லை, நாக்கு வேகவில்லை. இத்தனை லேசா இது!

அவர் நின்றார். நின்றவர் மேலே பார்க்கவில்லை. படியேறித் தெருவுக்கு வந்தார். வந்த வழியைப் பார்த்தார். குழாயடியைப் பார்த்தார், டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். முகம் இளசாகிவிட்டிருந்தது. காலேஜ் வாசலில் நிற்கிற பையனுடைய முகம் அது. காகிதப் பை கையில் நழுவுவதுகூடத் தெரியாமல், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேர்க் கூட்டத்தில் தவறவிட்டவளைத் தேடுகிறவர்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் தேடுவது மங்கையை இல்லை. மங்கைக்கு அது பளிச்சென்று தெரிந்தது. நெஞ்சில் ஒரு குத்து, இல்லை என்று சொன்னால் பொய். கூப்பிட்டது நான், திரும்பினது வசுந்தராவுக்கா? அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தெரிந்தது. இந்தத் தெருவில் எங்கிருந்தாவது ஒரு "ம்" வந்தால் தானும் இப்படித்தான், இந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு வாசலாகத் தேடியிருப்பாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் தான் ஒருத்திதான் இரண்டு பேரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று நினைத்திருந்தாள். பாவம் மனுஷன். யாரும் இல்லை என்று அவருக்கு மெதுவாகத் தெரிந்துகொண்டிருந்தது. தோள் இறங்கியது. முகம் மறுபடி அதன் வயதுக்கு வந்தது. பையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார், சந்தைப் பார்த்து மறுபடி திரும்பினார்.

மங்கை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கத்தவில்லை. உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், ஆனால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"தில்லைநாயகம்! அங்க இல்லீங்க. மேல பாருங்க. நாந்தான், மங்கை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.